பெட்டியில் வந்த வீடு

திங்கட்கிழமை கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை வீடு தரைமட்டம். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் கதை.

பஸ்டர் கீட்டன் நடித்து, எட்வர்ட் கிளைனுடன் சேர்ந்து இயக்கிய ‘ஒன் வீக்’ என்ற அமெரிக்க ஊமைப்படம் 1920 செப்டம்பரில் திரைக்கு வந்தது. இரண்டு சுருள் கொண்ட குறும்படம். இன்று கிடைக்கும் பிரதிகள், ஓட்டும் வேகத்தைப் பொறுத்து, இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் ஏறினால் சிட்டி ஹாலில் இறங்குவதற்குள் பார்த்துவிடலாம். நான் மூன்றாவது முறை அப்படித்தான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் கைப்பேசியை எட்டி எட்டிப் பார்த்து, தன்னுடைய நிலையத்தையே கோட்டைவிடப் பார்த்தார்.

சார்லி சாப்ளினுக்கு நம் வீடுகளில் அறிமுகம் தேவையில்லை. தொப்பியும் கைத்தடியும் போதும், நான்கு வயதுப் பிள்ளைகூட அடையாளம் சொல்லிவிடும். கீட்டனுக்குக் கொஞ்சம் அறிமுகம் தேவை. சாப்ளின் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுவார், அழுவார், அழவும் வைப்பார். கீட்டன் முகத்தில் எதுவுமே நடக்காது. ‘கல்முகம்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர். கூரை இடிந்து தலையில் விழுந்தாலும், வங்கிக் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று யோசிக்கிறவர் போலத்தான் நிற்பார்.

அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு பயிற்சி இருக்கிறது. 1895இல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்தவர் கீட்டன். அப்பாவும் அம்மாவும் ஊர் ஊராகப் போய் மேடையில் வேடிக்கை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள். மகனுக்கு நடக்கத் தெரிந்த கொஞ்ச நாளிலேயே அவனையும் மேடை ஏற்றிவிட்டார்கள். பையனின் சட்டை முதுகில் ஒரு கைப்பிடி தைத்திருப்பார்கள். அப்பா அதைப் பிடித்துத் தூக்கி மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். வீசப்பட்ட பையன் தானும் சிரித்தால் கூட்டத்தின் சிரிப்பு குறைகிறது, சிரிக்காமல் எழுந்து நின்றால் இன்னும் பெருகுகிறது என்பதை அந்த வயதிலேயே அவர் கவனித்துவிட்டார். இன்றைய கண்ணால் பார்த்தால் அது குழந்தைத் துன்புறுத்தல்தான். அன்றைக்கே அமெரிக்காவில் சிறுவர் நலச் சங்கங்கள் அந்தக் குடும்பத்தைத் துரத்திக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எப்படி விழுந்தால் அடிபடாது என்பது அவர் உடம்பில் எழுத்துக்கு முன்பே பதிந்துவிட்டது.

1917இல் ரோஸ்கோ ஆர்பக்கிள் என்ற பெரிய நகைச்சுவை நடிகரிடம் துணை நடிகராகச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். அங்கே காதில் ஏற்பட்ட தொற்று அவருடைய செவித்திறனைப் பாதித்தது. அந்தக் குறை கடைசிவரை முழுமையாகத் தீரவில்லை. திரும்பி வந்தபின், 1920இல் தயாரிப்பாளர் ஜோசப் ஸ்கெங்க் அவருக்கென்று ஒரு தனிப் படப்பிடிப்புக்கூடத்தைக் கொடுத்தார். முன்பு சாப்ளின் வேலை செய்த கூடம் அது. அங்கே கீட்டன் முதலில் எடுத்த படம் ‘தி ஹை சைன்’. எடுத்து முடித்துப் பார்த்தவருக்குப் பிடிக்கவில்லை. பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு அடுத்த படத்தை எடுத்தார். ‘என் பெயரில் வரும் முதல் படம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்’ என்ற பிடிவாதத்தோடு வெளியே வந்ததுதான் ‘ஒன் வீக்’. அப்போது அவருக்கு வயது 24.

நிஜமாகவே விற்ற வீடுகள்

கதை இப்படித் தொடங்குகிறது. தேவாலயத்திலிருந்து புதுமணத் தம்பதி வெளியே வருகிறார்கள். வாசலில் நிற்பவர்கள் அரிசியையும் பழைய காலணிகளையும் வீசி வாழ்த்துகிறார்கள். மாப்பிள்ளை அந்தக் காலணிகளில் தன் அளவுக்குச் சரியாக இருக்கிற ஒரு ஜோடியை எடுத்து வைத்துக்கொள்கிறான். (புதுக் குடித்தனம். எதையும் வீணாக்கக் கூடாது.) உறவினர் ஒருவர் கல்யாணப் பரிசாக ஒரு மனையும் வீடும் கொடுத்திருக்கிறார். போய்ப் பார்த்தால் மனை இருக்கிறது. வீடு பெட்டிகளில் இருக்கிறது. எண் போட்ட பெட்டிகள், கூடவே ஒரு செய்முறைத் தாள். எண் வரிசைப்படி பூட்டினால் வீடு.

இந்த இடத்தில் நம்மில் பலர், இது சிரிப்புக்காகக் கற்பனை செய்தது என்று நினைப்போம். கற்பனை இல்லை. சியர்ஸ் ரோபக் என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் 1908 முதல் அமெரிக்காவில் வீடுகளைப் பட்டியல் புத்தகம் வழியாக விற்றது. சட்டை, தையல் இயந்திரம், வீடு எல்லாம் ஒரே நிறுவனத்தில். அதற்கு முன்பே, 1906இல், மிச்சிகனில் அலாடின் என்ற நிறுவனம் இதே வியாபாரத்தைத் தொடங்கியிருந்தது. புத்தகத்தில் படம் பார்த்து, பிடித்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்துப் பணம் அனுப்பினால், அளவாக அறுத்த மரங்கள், கதவு, ஜன்னல், ஆணி, வண்ணப்பூச்சு எல்லாம் சரக்கு ரயிலில் உங்கள் ஊர் நிலையத்துக்கு வந்துவிடும். ஒரு வீட்டுக்குப் பல்லாயிரம் துண்டுகள். நீங்களும் அண்ணன் தம்பிகளும் இறக்கி, வண்டியில் ஏற்றிப்போய், கையேட்டைப் பார்த்து நிமிர்த்த வேண்டும். 1940 வாக்கில் சியர்ஸ் இந்த வியாபாரத்தை நிறுத்துவதற்குள் 70,000க்கும் மேற்பட்ட வீடுகள் விற்றிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அவற்றில் பல இன்னும் நிற்கின்றன, குடும்பங்கள் குடியிருக்கின்றன.

அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1919இல் ஃபோர்டு மோட்டார் நிறுவனம் ‘ஹோம் மேட்’ என்ற தலைப்பில் ஒரு கல்விப் படம் வெளியிட்டது. கல்யாணம், நாள்காட்டித் தாள் கிழிபடுதல், ஃபோர்டு கார், முன்கூட்டியே செய்த துண்டுகளால் எழும் வீடு எல்லாம் அதில் இருக்கின்றன. எவ்வளவு எளிது பாருங்கள் என்று காட்டுவதற்காக எடுத்த படம். ‘ஒன் வீக்’ அதே பொருள்களை எடுத்துக்கொண்டு, அவ்வளவு எளிதா என்று திருப்பிக் கேட்கிறது. அன்றைய பார்வையாளருக்கு அந்தக் கிண்டல் உடனே புரிந்திருக்கும். நமக்கும் புரிவதற்குக் காரணம், எந்தக் காலத்திலும் ‘நீங்களே செய்துகொள்ளலாம், ஒரு மணி நேரம் போதும்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதுதான். எங்கள் வீட்டில் ஓர் அலமாரி இருக்கிறது. அதைப் பூட்டி முடித்தபோது நான்கு திருகாணி மிச்சம். ஐந்து வருடமாகியும் அந்த அலமாரியில் கனமாக எதையும் நாங்கள் வைப்பதில்லை.

ஒன்று நான்கான கதை

மணப்பெண்ணை ஒருதலையாக விரும்பியவன் ஒருவன் இருக்கிறான். ஹாங்க் என்று பெயர். ஆத்திரத்தில், யாரும் பார்க்காத நேரத்தில் தூரிகையை எடுத்து, பெட்டியில் இருக்கிற 1ஐ 4 ஆக்குகிறான், 3ஐ 8 ஆக்குகிறான். அவ்வளவுதான் அவன் செய்கிற சதி. இரண்டு கோடு, மூன்று கோடு. மீதியை எண்களும் செய்முறைத் தாளும் பார்த்துக்கொள்கின்றன.

விளைவாக எழுந்து நிற்கும் வீட்டை வார்த்தையில் சொல்வது கடினம். நானோ வார்த்தையை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். முயன்று பார்க்கிறேன். ஜன்னல்கள் ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டதுபோல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. கூரை வீட்டுக்குப் போதவில்லை. தம்பியின் தொப்பியை அண்ணன் போட்டுக்கொண்டது போல உட்கார்ந்திருக்கிறது. சமையலறைத் தொட்டி வெளிச்சுவரில் இருக்கிறது. மாடியில் ஒரு கதவு. அதைத் திறந்தால் ஆகாயம். மொத்தத்தில் வீட்டுக்கு ஒரு முகம் வந்துவிட்டது, அது கொஞ்சம் பைத்தியக்கார முகம். கணவன் நான்கடி பின்னால் போய் நின்று பார்க்கிறான். செய்முறைத் தாளைப் பார்க்கிறான். மறுபடி வீட்டைப் பார்க்கிறான்.

நான் ஊடகக் கல்வி படித்தபோது, நகைச்சுவையின் நேரக்கணக்கைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் படிக்கச் சொன்னார்கள். அந்தப் பார்வை ஒன்று அவற்றில் பாதிப் பக்கங்களுக்குச் சமம்.

கம்பளம் விரிக்கும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. தரை முழுக்கக் கம்பளத்தை விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்து முடித்து நிமிர்ந்தால், நடுவில் ஒரு மேடு. கழற்றிப் போட்ட மேல்சட்டை உள்ளே மாட்டிக்கொண்டது. ஆணியைப் பிடுங்குவானா? கம்பளத்தைச் சதுரமாக வெட்டி, சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஓட்டைமேல் ஒரு சின்ன விரிப்பைப் போட்டு மூடுகிறான். வீடு மராமத்து செய்யும் குத்தகையாளர்களோடு பழகியவர்கள் இந்தக் காட்சியில் சிரிப்பதா, பெருமூச்சு விடுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

பியானோ கொண்டுவரும் ஆளை விட்டுவிடக் கூடாது. ஜோ ராபர்ட்ஸ் என்ற மலைபோன்ற நடிகர். பியானோவை ஒரு பை அரிசியைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். ‘இந்தாங்க’ என்று கீட்டனிடம் சாதாரணமாகக் கொடுக்கிறார். கீட்டன் பியானோவுக்கு அடியில் காணாமல் போகிறார். இந்த இடத்தில் என் ஆறு வயது மகள் சோபாவிலிருந்து உருண்டு கீழே விழுந்து சிரித்தாள். எழுந்ததும் அவள் கேட்ட கேள்வி: “அம்மா, இது நிஜமா, கம்ப்யூட்டரா?”

நிஜம்தான்

பியானோவுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. அது மேடைக்கார வேலை. ஆனால் வீடு நிஜம். அதுவும் சுழல்கிற வீடு.

வெள்ளிக்கிழமை, நாள்காட்டியில் 13ஆம் தேதி, புதுமனை விருந்துக்கு நண்பர்கள் வருகிறார்கள். அமெரிக்கர்களுக்கு வெள்ளியும் பதின்மூன்றும் சேர்ந்தால் ராகு காலமும் எமகண்டமும் ஒன்றாக வந்த மாதிரி. புயல் அடிக்கிறது. கூரை ஒழுகுகிறது. பிறகு வீடே, அப்படியே, மெதுவாகத் திரும்பத் தொடங்குகிறது. வேகம் கூடுகிறது. உள்ளே இருப்பவர்கள் சுவரில் மோதி, தரையில் உருண்டு, ஒவ்வொருவராக வாசல் வழியாக வெளியே துப்பப்படுகிறார்கள். வெளியே நிற்கும் கணவன் உள்ளே போக முயல்கிறான். வாசல் தன்னைக் கடக்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணிப் பாய்கிறான். வாசல் போய்விடுகிறது, சுவர் வருகிறது.

இதற்காகக் கீட்டனின் குழு உண்மையிலேயே ஒரு வீட்டைக் கட்டி, அதை ஒரு சுழல்மேடைமேல் நிறுத்தியது. இயக்கும் அமைப்பை மண்ணுக்குள் மறைத்தது. ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி படக்கருவியைத் தள்ளி வைத்து, முழு வீடும் முழு மனிதனும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி எடுத்தார். அந்தத் தூரம்தான் எல்லாம். கிட்டே போய்த் துண்டு துண்டாக எடுத்து ஒட்டியிருந்தால் நாம் ‘நன்றாக எடுத்திருக்கிறார்கள்’ என்று சொல்லியிருப்போம். இப்போது, ‘ஐயோ, விழப்போகிறான்’ என்று சொல்கிறோம்.

விழவும் செய்கிறார். மாடிக் குளியலறையில், வெளியே எதுவுமே இல்லாத அந்தக் கதவைத் திறந்து, காலை எடுத்து வைத்து, இரண்டு மாடி உயரத்திலிருந்து தரையில் விழுகிறார். வெட்டு இல்லை. விழும் இடத்தில் குழி தோண்டி, வைக்கோல் நிரப்பி, மேலே புல்தரையைப் பதித்து மறைத்திருந்தார்கள். அப்படியும் அன்று மாலைக்குள் அவருடைய கைகள் வீங்கிப்போயின. அவர் எழுந்து, மேலே இருக்கிற கதவைப் பார்க்கிறார். முகத்தில் வழக்கம்போல் ஒன்றுமில்லை.

ஒரு முழுச் சுவர் அவர்மேல் சாய்ந்து விழ, திறந்த ஜன்னல் சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்கி, அவர் அப்படியே நிற்பாரே, அந்தப் புகழ்பெற்ற வித்தையும் இந்தப் படத்தில் சிறு அளவில் இருக்கிறது. 1928இல் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் அதையே பிரம்மாண்டமாகச் செய்தார். இணையத்தில் சுற்றும் துணுக்கு அந்தப் படத்திலிருந்து எடுத்தது.

சண்டை போடாத ஜோடி

என் வானொலி நிகழ்ச்சியில் எப்போதாவது ‘புது வீடு’ என்று தலைப்பு வைத்தால் போதும், தொலைபேசி ஓயாது. வீவக வீட்டுக்கு எண் கிடைத்த கதை, சாவி வாங்கிய கதை, பிறகு நிச்சயமாக ஒரு சண்டைக் கதை. தரைக்கு எந்த நிறம் என்று ஆரம்பித்து, ‘உங்கம்மா சொன்னபடி கேட்டதால்தான்’ என்பதில் வந்து நிற்கும். கல்யாணத்தன்று வராத கோபம் மராமத்து நாளில் வருகிறது.

அதனால்தானோ என்னவோ, ‘ஒன் வீக்’கில் சிரிப்பு அடங்கிய பிறகு எனக்குள் தங்குவது சுழலும் வீடு இல்லை, அந்தப் பெண். சிபில் சீலி என்ற நடிகை. அப்போது இருபது வயது. அந்தக் காலக் குறும்படங்களில் கதாநாயகி பெரும்பாலும் ஓரமாக நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருப்பாள். இவள் வேலை செய்கிறாள். சமைக்கிறாள், தள்ளுகிறாள், இழுக்கிறாள், விழுகிறாள். நேரம் கிடைத்தபோது வீட்டுச் சுவரில் இரண்டு இதயத்தை வரைந்து வைக்கிறாள். சாய்ந்த ஜன்னலும் ஒழுகும் கூரையும் கொண்ட அந்தச் சுவரில்.

ஒருமுறைகூட அவள் கணவனைக் குற்றம் சொல்வதில்லை. அவனும் அவளைச் சொல்வதில்லை. இத்தனைக்கும் ஹாங்க் எண்களை மாற்றியது அவர்களுக்குத் தெரியாது. அவள் பார்வையில், தன் கணவன் தன் கையால் கட்டிய வீடு இப்படித்தான் இருக்கிறது. அதற்குள் போய் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். இந்தப் படத்தின் உண்மையான துணிச்சல் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்ததில் இருக்கிறதா, இதில் இருக்கிறதா என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். வீடு விழுந்துகொண்டே இருக்கிறது. கல்யாணத்தில் ஒரு கீறல் விழவில்லை. அவர்கள் பேசிக்கொள்ளும் பெரிய காட்சி எதுவும் வைத்து இதை விளக்கவும் இல்லை.

அவள் குளிக்கும் காட்சியில் ஒரு குறும்பு உண்டு. சோப்பு கைதவறித் தொட்டிக்கு வெளியே விழுகிறது. எடுக்க வேண்டுமென்றால் எழ வேண்டும். அவள் நேராகப் படக்கருவியைப் பார்க்கிறாள், அதாவது நம்மை. உடனே ஒரு கை வந்து கருவியின் கண்ணை மூடுகிறது. கை விலகும்போது அவள் சோப்போடு தொட்டிக்குள் இருக்கிறாள், நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். 1920இல் எடுத்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்போது ரிமோட்டைத் தேட வேண்டிய அவசியம் இல்லை, அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

மௌனத்தின் வேலை

வானொலியில் மௌனம் எங்களுக்குப் பரம எதிரி. ஒலிபரப்பில் மூன்று விநாடி சத்தம் இல்லையென்றால் பொறியாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து நிற்பார். ஐந்து விநாடி என்றால் மேலதிகாரியின் அழைப்பு வரும். ஆகவே நாங்கள் பேசுவோம். பாட்டைப் பற்றிப் பேசுவோம், மழையைப் பற்றிப் பேசுவோம், பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பதைப் பற்றியும் பேசுவோம். இந்தத் தொழிலில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிற எனக்கு, ஒரு மனிதர் பேசாமலேயே இருபது நிமிடம் ஒரு கூட்டத்தைக் கட்டிப்போடுவது கொஞ்சம் பொறாமை தரும் காட்சி.

ஊமைப்படம் என்றாலும் அன்று எழுத்துப் பலகைகள் தாராளமாக வரும். சராசரியாக ஒரு படத்துக்கு 240 பலகைகள் இருந்தன, தான் ஒரு படத்தில் அதிகபட்சம் பயன்படுத்தியது 56 என்று கீட்டன் பின்னாளில் ஒரு பேட்டியில் பெருமையாகச் சொன்னார். அது முழுநீளப் படங்களின் கணக்கு. பழக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது. கதையை நாள்காட்டி சொல்கிறது, எண்கள் சொல்கின்றன, விழுகிற சுவர் சொல்கிறது. 1987இல் கமல்ஹாசன் நடித்த ‘பேசும் படம்’ பார்த்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரிந்திருக்கும்.

இன்று கிடைக்கும் பிரதிகளில் விதவிதமான பின்னணி இசை சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அரங்கில் ஒருவர் உட்கார்ந்து பியானோவோ ஆர்கனோ வாசிப்பார். ஊருக்கு ஊர் இசை மாறும். எனவே ‘அசல் இசை’ என்று தேடி அலைய வேண்டாம். என் யோசனை: முதல் தடவை இசையோடு பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, வீட்டில் இருப்பவர்களோடு பாருங்கள். அறையில் கேட்பது உங்கள் வீட்டுச் சிரிப்பு மட்டும்தான்.

இரண்டு ரயில்

(கடைசிக் காட்சியை இனிமேல் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்த படம்; இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.)

புயல் ஓய்ந்து, நனைந்த கோழிகளைப்போல் இருவரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் வந்து சொல்கிறார்: நீங்கள் வீடு கட்டியிருப்பது உங்கள் மனையில் இல்லை. மனை எண் 99ஐயும் 66ஐயும் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள். அவர்களுடைய மனை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மறுபடியும் எண்தான். எண்ணை நம்பிக் கெட்டவனுக்கு எண்ணாலேயே இன்னோர் அடி.

வேறு வழியில்லை. வீட்டைத் தூக்கிப் பீப்பாய்கள்மேல் வைத்து, காரில் கட்டி இழுக்கிறார்கள். கயிறு அறுகிறது. காரின் பின்பக்கத்தை வீட்டோடு சேர்த்து ஆணி அடிக்கிறான். வண்டியைக் கிளப்பினால் சக்கரமும் அடிச்சட்டமும் போகின்றன. உடம்பு வீட்டோடு நிற்கிறது. எப்படியோ தள்ளித் தள்ளி ரயில் பாதை வரை கொண்டுவந்துவிட்டார்கள். சரியாகத் தண்டவாளத்தின்மேல் வீடு மாட்டிக்கொள்கிறது. தூரத்தில் புகை.

தள்ளுகிறார்கள். நகரவில்லை. ரயில் வருகிறது. ஒதுங்கி நின்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் வீட்டை உரசாமல் கடந்து போகிறது. படக்கருவி நின்ற கோணத்தில் அங்கே இரண்டு பாதை இருப்பது நம் கண்ணுக்குப் படவில்லை. அவர்களோடு நாமும் ஏமாந்தோம். இருவரும் மூச்சு விடுகிறார்கள். நாமும் விடுகிறோம். அந்த மூச்சு முடிவதற்குள், எதிர்த்திசையிலிருந்து, இந்த முறை சரியான தண்டவாளத்தில், இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்கிவிட்டுப் போகிறது.

நிஜமான ரயில். நிஜமாக நொறுங்கிய வீடு. இரண்டாவது முறை எடுக்க வாய்ப்பே இல்லாத காட்சி.

2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘ஒன் வீக்’ சேர்க்கப்பட்டது. ஆனால் கீட்டனுக்கு வீடுகளோடு இருந்த பகை அதோடு தீரவில்லை. அடுத்த வருடம், 1921இல், ‘தி எலெக்ட்ரிக் ஹவுஸ்’ என்ற படத்துக்காக அமைத்த மின்படியில் கால் மாட்டிக் கணுக்கால் முறிந்தது. அவர் படுத்திருந்த அந்த மாதங்களில்தான், பூட்டி வைத்திருந்த ‘தி ஹை சைன்’ வேறு வழியில்லாமல் வெளியே வந்தது. அதே ஆண்டு சிபில் சீலியுடன் ‘தி போட்’ எடுத்தார். அதில் அவர் வீட்டுக்குள் ஒரு படகைக் கட்டுகிறார். வெளியே இழுக்கும்போது வீடு இடிந்து விழுகிறது. மனைவி அதிலும் கூடவே வருகிறாள், இரண்டு பிள்ளைகளோடு. ‘ஒன் வீக்’ ஜோடியின் பிற்கால வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாரம் அதைப் பார்க்கலாம்.

ரயில் போன பிறகு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. மரக்குவியலை ஒரு முறை பார்க்கிறான். ‘விற்பனைக்கு’ என்று ஒரு பலகையை எடுத்து அதன்மேல் நடுகிறான். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறான். இரண்டடி போனவன் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வருகிறான். பையிலிருந்து அந்தச் செய்முறைத் தாளை எடுத்து, வாங்குகிறவருக்கு உதவும் என்று, பலகையோடு சேர்த்து வைத்துவிட்டுப் போகிறான்.